சந்தனமாரியின் தாள்

உப்பளங்களுக்கு நடுவே ஒரு சமுதாயக் கல்லூரி இருந்தது. படிப்பைப் பாதியில் விட்டவர்கள் அங்கே பயிற்சிக்கு வருவார்கள். அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஜெசிந்தா. அப்படிக் கற்றுக்கொடுக்கும் வித்தையை அவரிடம் கற்க வந்தவர் கோமதிநாயகம். பெரிய கல்லூரியில் இலக்கணம் நடத்தியவர், வயதிலும் மூத்தவர். ஆனாலும் ஜெசிந்தாவை ‘அம்மா’ என்றுதான் அழைப்பார்.

பிற்பகல் வகுப்பு. வெளியே பாத்திகளில் நீர் அசைய, அதன் வெளிச்சம் கூரையில் நெளிந்தது. ஏதோ குளத்தின் அடியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது கோமதிநாயகத்துக்கு.

மாணவி சந்தனமாரி தாளில் ஓரக்கோடு போட்டிருந்தாள். ‘நான் பள்ளியை விட்டது’ என்று தலைப்பு எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்திருந்தாள். அவ்வளவுதான். மாலைக்குள் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்காவிட்டால் செவிலியர் உதவியாளர் பயிற்சியிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடுவார்கள்.

“எழுதும்மா,” என்றார் கோமதிநாயகம்.

“வரமாட்டேங்கு சார்.”

“பேசச் சொல்லுங்க, விடிய விடியப் பேசுவா,” என்றாள் பக்கத்தில் இருந்த பேச்சித்தாய். “பேனாவக் கண்டாத்தான் வாயடச்சுப்போவுது.”

“நீ சும்மா கெட பிள்ள.”

கோமதிநாயகம் ஜெசிந்தாவிடம் போனார். “எழுதவே வராதவளுக்கு எப்படிம்மா கத்துக்கொடுக்கிறது?”

 ஜெசிந்தா எழுந்து வந்து சந்தனமாரியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நீ சொல்லு. நான் எழுதுறேன்.”

சந்தனமாரி சொன்னாள். உப்பளத்தில் வேலை பார்த்த அவள் அம்மைக்குக் காலெல்லாம் உப்புப் புண். ஒரு நாள் வரப்பிலேயே விழுந்துவிட்டாள். மறுநாள் காலை சந்தனமாரி புத்தகப் பையைப் பரணில் வைத்துவிட்டு உப்பு வாரக் கிளம்பினாள். வேண்டாம் வேண்டாம் என்று அம்மை தெருமுனை வரை அழுதுகொண்டே வந்தாள்.

ஜெசிந்தா எழுதி முடித்து உரக்கப் படித்தார்.

“‘அம்மை என் பையைப் பிடுங்கிப் பரணில் எறிந்தாள். இனி உப்பு வாரப் போ என்றாள்.’”

சந்தனமாரியின் முகம் சிவந்தது.

“நான் அப்படியா சொன்னேன்? செத்துப்போன எங்கம்மை மேல இப்படியா டீச்சர் பழி போடுவீக?”

“எழுதியாச்சே. படிக்கிறவங்க இதைத்தானே நம்புவாங்க.”

“இங்க கொண்டாங்க!”

தாளையும் பேனாவையும் பிடுங்கிக்கொண்டாள். ஜெசிந்தா எழுதியதைக் குறுக்கே அடித்துவிட்டு எழுதத் தொடங்கினாள். கூரையில் நெளிந்த வெளிச்சம் மெல்லச் சுவருக்கு இறங்கியது. அவள் நிமிரவில்லை. ஒரு முறை புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதினாள்.

கோமதிநாயகம் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஜெசிந்தாவிடம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“வரிக்கு வரி எழுத்துத் தப்பும்மா. நீங்க எழுதினதுல ஒரு தப்புகூட இல்லையே.”

“ஒண்ணு இருந்துச்சு சார்,” என்றார் ஜெசிந்தா. “அதைத்தான் திருத்திக்கிட்டிருக்கா.”