அருவியைத் தாங்கிய கொம்பையா

முன்னொரு காலத்திலே, ஓர் அருவி பின்னால் பின்னால் நடந்துகொண்டிருந்தது. சிரிக்காதீர்கள், நிஜம்தான். மேலே கருங்கல், கீழே மண்ணாய் உதிரும் பாறை. விழுகிற தண்ணீர் கீழ்ப்பாறையை அரித்துவிடும். தாங்க ஏதுமில்லாத கருங்கல் ஒருநாள் தொபுக்கடீர் என்று விழும். அருவி நாலடி பின்வாங்கும்.

ராஜாவுக்கு இது பொறுக்கவில்லை. அருவிக்கு எதிரே ஆசை ஆசையாய் மண்டபம் கட்டியிருந்தானே! மந்திரவாதியை அழைத்தான்.

"ஒருவன் மனசொப்பிக் கல்லாகி அடியில் நின்று தாங்கினால், அருவி அசையாது" என்றான் மந்திரவாதி.

ராஜா மந்திரியைப் பார்த்தான்; மந்திரிக்கு இடுப்புவலி. தளபதியைப் பார்த்தான், தளபதிக்குத் தலைச்சுற்றல். கல்லுடைக்கும் கொம்பையாவைப் பார்த்தான்.

"ராசா என்னையவா கேக்கிறீய?" என்று பூரித்துப்போய் அருவிக்கு அடியில் போய் நின்றான் அந்த வெள்ளந்தி. அப்படியே பாறையானான்.

அவன் பெண்டாட்டி முப்பிடாதி மந்திரவாதியின் காலைப் பிடித்தாள். "அவர மீட்க வழியே இல்லியா சாமி?"

"இருக்கிறது. அவன் காலடிப் பாறையை இனித் தண்ணீர் தொடாது. உளி படாமல் வெறுங்கையால் சுரண்டு. கல் விழும், அவன் எழுவான்."

மழையில் சுரண்டினாள், வெயிலில் சுரண்டினாள், பனியில் சுரண்டினாள். மண்டபத்தில் இருந்தவர்கள் அருவியைப் பார்த்துக் கைதட்டினார்கள். குளிக்க வந்தவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். பன்னிரண்டு வருஷம்! விரலில் நகமே இல்லாமல் போயிற்று.

ஒருநாள் உச்சிவேளையில் கருங்கல் சரிந்தது. அருவி ஒரே தாவலில் வளைவுக்கு அப்பால் போய்விட்டது. மண்டபத்துக்கு எதிரே வெறும் பாறைச் சுவர்தான் மிச்சம்.

இடிபாட்டிலிருந்து கொம்பையா எழுந்தான். முப்பிடாதி அழுதுகொண்டே ஓடினாள்.

"யாரு தள்ளிவிட்டது?" என்றான் அவன்.

"நான்தான்."

"ஊரே அண்ணாந்து பாத்துச்சு. ராசா தெனமும் வந்து என்னையப் பாத்தாரு. எல்லாத்தையும் கெடுத்துப்போட்டியேட்டி, பாவி!"

பன்னிரண்டு வருஷம் கழித்துப் பெண்டாட்டியிடம் பேசிய பேச்சு இது. எனக்கு வயிறு எரிகிறது.

அவளை உதறிவிட்டு மண்டபத்துக்கு ஓடினான். "ராசா, இன்னொரு தடவை நிக்கிறேன். என்னையக் கல்லாக்கச் சொல்லுங்க!"

ராஜா பல்லக்கில் ஏறிக்கொண்டிருந்தான். வேறு மலையில் வேறு அருவி பார்க்கக் கிளம்பியாகிவிட்டது. திரும்பி மந்திரியிடம் கேட்டான்: "யாரய்யா இவன்?"

மந்திரி உதட்டைப் பிதுக்கினான். பல்லக்கு போய்விட்டது.

அப்போதுதான் ஐயா, மாயம் கலைந்தது. கொம்பையா உட்கார்ந்து அழுதான். நல்லது செய்தவளுக்குக் கிடைத்த பரிசு அந்த அழுகைதான். முப்பிடாதி பக்கத்தில் நின்றாள். தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. அவன் அழுது ஓயட்டும் என்று காத்திருந்தாள்.