செடி சொல்லாத பதில்

"நாப்பது நாளா கேட்டுட்டேன்மா. செடி வாயே திறக்க மாட்டேங்கு" என்றார் குழந்தைவேலு.

வைத்தியர் செல்லம்மை மருந்து அரைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. அவரைவிடப் பத்து வயது சின்னவள்தான். ஆனாலும் அவருக்குக் குரு.

குழந்தைவேலு தாலுகா ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர். மேலதிகாரி கையெழுத்து இல்லாமல் காகிதத்தைக்கூட நகர்த்தாத மனுஷன். ஓய்வு பெற்றபின் மூலிகை கற்க வந்தார். மனைவி பொன்னுத்தாய்க்கு விடாத இருமல்.

அதற்காகத்தான் செல்லம்மை ஒரு தூதுவளைக் கன்று கொடுத்தாள். பறிக்குமுன் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டி, செடியிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று முறையும் சொன்னாள்.

நட்டார். வேலியில் ஏறி ஊதாவாகப் பூத்தது. காப்புக் கட்டினார். தினமும் குளித்துவிட்டு வந்து கேட்டார். ஓர் இலையைக்கூடத் தொடவில்லை. இப்படியும் ஒருத்தர் இருப்பாரா என்றால், இருந்தார்.

"சத்தமா கேட்டீங்களா அண்ணாச்சி?"

"கேட்டேன். கிழக்கே பார்த்துக் கேட்டேன், மேற்கே பார்த்துக் கேட்டேன். எம்மேல கோவமா? முறை தப்பா? ஒண்ணும் விளங்கல. அவ இளைச்சுக்கிட்டே போறா. பயமா இருக்கும்மா."

செல்லம்மை கையைக் கழுவினாள்.

"வாங்க. என் முன்னால கேளுங்க."

அவர் வீட்டுத் தோட்டத்தில் கொடி முழுக்கப் பூ. சில காய்கள் பழுத்துச் சிவந்திருந்தன.

குழந்தைவேலு செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்.

"தாயே, பொன்னுத்தாய்க்காகக் கேக்கேன். பறிக்கட்டுமா?"

கொடி சும்மா நின்றது. அடுப்படியில் பொன்னுத்தாய் இருமினாள். நீளமான இருமல்.

"பார்த்தீங்களாம்மா? பதிலே இல்ல."

"பதில்தான் வந்துட்டே" என்றாள் செல்லம்மை.

அவர் கொடியைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். குனிந்து ஒரு பூவின் பக்கத்தில் காதை வைத்தார்.

"எனக்குக் கேக்கலியே!"

"தினமும் நீங்க கேட்டு முடிச்சதும் இப்படித்தானா?"

"எப்படி?"

மறுபடியும் இருமல்.

"அதுவா? அது செடி இல்லம்மா, அது பொன்னு..."

அவர் அடுப்படிப் பக்கம் திரும்பினார். இரண்டு கையாலும் இலைகளைப் பறிக்கத் தொடங்கினார்.

"முள்ளு இருக்கு, பார்த்து" என்றாள் செல்லம்மை.

அவர் காதில் விழவில்லை.