ஆட்டுக்கு மேல்பல்லு எத்தனை?

கடலுக்கு இந்தப் பக்கம், பனங்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரு. அந்த ஊர்ல உலகாம்பான்னு ஒரு ராணி இருந்தா. எதைப் பாத்தாலும் ஏன், எப்படின்னு கேக்காம அவளால இருக்க முடியாது. வெங்காயம் உரிச்சா ஏன் கண்ணு எரியுதுன்னு சமையக்காரிகிட்ட கேப்பா, யானைக்குத் தும்மல் வருமான்னு பாகன்கிட்ட கேப்பா.

அவ பொறந்த வீட்டுல சீதனமா குடுத்த வயல் நெறைய இருந்துச்சு. அதுல வெளையுற நெல்லு அத்தனையும் இல்லாதப்பட்ட வீட்டுப் பிள்ளைங்களுக்குன்னு எழுதி வச்சுட்டா. ஒரு பள்ளிக்கூடம் கட்டினா. அங்க மூணு வேளை சோறு, உடுத்தத் துணி, படுக்கப் பாய், சொல்லிக்குடுக்க வாத்தியாரு. உப்பளத்துப் பிள்ளைங்க, ஆடு மேய்க்கிறவங்க பிள்ளைங்க, மீன் புடிக்கிறவங்க பிள்ளைங்க, இவங்கதான் அங்க படிக்கணும்னு சொல்லி, திருவாழின்னு ஒரு மணியக்காரனைப் பாத்துக்கச் சொன்னா.

அவன் என்ன பண்ணான் தெரியுமா? தன் அக்கா மகன், தங்கச்சி மகன், மச்சான் மகன்னு வசதியான வீட்டுப் பிள்ளைங்களாக் கொண்டாந்து ரொப்பிட்டான். ராணி கேட்டா, எல்லாம் ஏழைப் பிள்ளைங்கதான், நல்லாப் படிக்குதுங்கன்னு சொல்லிடுவான். அவளும் நம்பிட்டா. ஊரையே கேள்வி கேட்டவ இதை மட்டும் போய்ப் பாக்கல பாருங்க.

உப்பளத்துல வடிவாம்பான்னு பத்து வயசுப் பொண்ணு. அப்பா கிடையாது, அம்மாவோட சேந்து அவளும் உப்பு வாருவா. அவளுக்குப் படிக்கணும்னு ஆசை. பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டா, கால் இப்படி வெடிச்சுக் கிடக்கே, ஆறினப்புறம் வான்னுட்டான் திருவாழி. எண்ணெய் போட்டு ஆத்திக்கிட்டுப் போனா, துணி கிழிஞ்சிருக்கு, நல்லதா உடுத்திக்கிட்டு வான்னுட்டான். அம்மா தன் சீலைய வெட்டித் தைச்சுக் குடுத்து, அதைக் கட்டிக்கிட்டுப் போனா, உன்னைத் தெரிஞ்ச பெரிய மனுசன் யாரையாவது கூட்டிக்கிட்டு வான்னுட்டான். உப்பளத்துப் பொண்ணு பெரிய மனுசனுக்கு எங்க போவா? அன்னிக்கு அவ சாப்பிடவே இல்ல.

அப்புறம் ஒரு நாள் அம்மாவும் மகளும் அரண்மனைக்கு உப்பு சுமந்துக்கிட்டு வந்தாங்க. ராணி சும்மா இருப்பாளா? கடல் தண்ணி தெளிவா இருக்கே, உப்பு அதுக்குள்ள எங்க ஒளிஞ்சிருக்குன்னு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டா.

வடிவாம்பா சொன்னா, "அதைத் தெரிஞ்சுக்கத்தாம்மா நானும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மூணு வாட்டி போனேன், மூணு வாட்டியும் திருப்பி அனுப்பிட்டாங்க."

"உங்க உப்பளத்துல இருந்து எத்தனை பிள்ளைங்க அங்க படிக்குது?"

"ஒருத்தரும் இல்லம்மா."

ராணிக்கு நெஞ்சுல சுருக்குன்னுச்சு. ஆனா சத்தம் போடல. மறுநாள் காலையில வடிவாம்பாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போய், சன்னலுக்கு வெளிய நிக்க வச்சுட்டு, தான் மட்டும் உள்ள போனா. திருவாழி ஓடி வந்து கும்பிட்டான். கொழுகொழுன்னு மூணு பையங்களை முன்னால நிறுத்தினான்.

ராணி மொதப் பையனை நீ யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேட்டா. உப்பளத்துப் பிள்ளைன்னான். அப்ப உப்பு எப்படி எடுப்பீங்கன்னா. மண்வெட்டியால தோண்டி எடுப்போம், கெழங்கு மாதிரின்னான். ராணி சன்னலைப் பாத்தா. பாத்தியில கடல் தண்ணிய விட்டு வெயில்ல காய வச்சு வாருவோம்மான்னு வெளிய இருந்து வடிவாம்பா சொன்னா.

ரெண்டாவது பையன் ஆட்டுக்காரர் பிள்ளைன்னான். ஆட்டுக்கு மேல்வரிசையில முன்பல்லு எத்தனைன்னு கேட்டா ராணி. எட்டுன்னான். மேல முன்பல்லே கிடையாதும்மா, எங்க உப்பளத்துக்கு உப்பு நக்க வரும்போது வாயைப் பாத்திருக்கேன்னு சன்னல்ல இருந்து சத்தம். சிரிக்காதீங்க, நாளைக்கு வேணா நீங்களும் ஒரு ஆட்டு வாயைப் பாருங்க.

மூணாவது பையன் மீன்காரர் பிள்ளையாம். மீன் தூங்கும்போது கண்ணை மூடுமான்னு கேட்டா. நல்லா மூடுமேன்னான். மீனுக்குத்தான் இமையே இல்லையேம்மா, எங்க வாய்க்கால்ல தினம் பாக்குறேனேன்னா வடிவாம்பா.

அந்தப் பையன் மாமான்னு கத்திக்கிட்டே திருவாழி பின்னால போய் ஒளிஞ்சான். பாவம் இதுங்க மகாராணி, அப்பா இல்ல, தொழில் சொல்லிக்குடுக்க ஆளில்ல, நான்தான் அப்பன் மாதிரின்னு திருவாழி ஒரு பொய்யைச் சொல்லிட்டான்.

ராணி நிதானமா சொன்னா, "அப்படியா? உப்பளத்துப் பிள்ளைக்கும் நீ அப்பன், ஆட்டுக்காரர் பிள்ளைக்கும் நீ அப்பன், மீன்காரர் பிள்ளைக்கும் நீ அப்பன். அப்போ காலையில உப்பு வாரு, மத்தியானம் ஆடு மேயி, சாயங்காலம் வலை இழு. இத்தனை நாளா உன் சொந்தக்காரங்க தின்ன நெல்லு அத்தனையும் தீர்ற வரைக்கும் செய்."

அவன் அன்னிக்கே உப்பளத்துக்குப் போனான்.

அந்தப் பையங்க அழுதாங்க. சின்னப் பிள்ளைங்க என்ன பண்ணும்? நீங்களும் படிங்க, சோறு மட்டும் உங்க வீட்டுல இருந்து கொண்டாங்கன்னு ராணி சொல்லிட்டா. அப்புறம் வடிவாம்பாவை உள்ள கூப்பிட்டு, உனக்கு இன்னும் என்னம்மா வேணும்னு கேட்டா. அவ யோசிச்சு, நான் இங்க வந்துட்டா அம்மா ஒண்டியா உப்பு வாரணுமேன்னா. ராணி இதை நெனச்சுப் பாத்ததே இல்ல. அன்னைலேந்து படிக்கிற பிள்ளை வீட்டுக்கும் மாசாமாசம் நெல்லு போச்சு, வெடிச்ச காலுக்கு மருந்து போட வைத்தியரும் வந்தாரு. உப்பளம், ஆட்டுப்பட்டி, மீன்குப்பம்னு மூணு எடத்துல இருந்தும் பிள்ளைங்க வந்து பள்ளிக்கூடம் ரொம்பி வழிஞ்சுது.

ராணி மாசம் ஒருக்கா தானே போயி அதுங்களோட உக்காந்து சாப்பிடுவா. குடுத்தா மட்டும் போதாது கண்ணுங்களா, குடுத்தது யாரு கைக்குப் போச்சுன்னு எழுந்து போய்ப் பாக்கணும்.

அவங்க அங்க படிக்கட்டும், நாம இங்க தூங்கலாம். கதை கடலோரம் போயாச்சு, கேட்ட காதெல்லாம் பாய்க்கு வாங்க.