மேனேஜர் அளந்து காட்டின ஆவி

பூச்சிமருந்து கம்பெனியில மருந்து கலக்குற இருளப்பன் மூச்சுத்திணறியே செத்துப்போனாருங்க! மத்தவங்க முகமூடி கேட்டா மேனேஜர் குலசேகரன் சிரிக்கிறாரு. "எண்ணெய் மாதிரி கெட்டியா கிடக்கு, இதுல ஏதுய்யா ஆவி?"

லேப்ல வேலை பாக்குற அல்லியைக் கூப்பிட்டாரு. "சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வர்றாரு. மருந்துலேருந்து ஆவியே கிளம்பல, ஆவி அழுத்தம் பூஜ்யம்னு அளந்து காட்டு, இல்லேன்னா வேலை போயிடும்."

அது ரொம்ப மெதுவா ஆவியாகுற சரக்கு, அளக்கவே நாள்கணக்காகும். இன்ஸ்பெக்டர் வாசல்ல நிக்கும்போதே மேனேஜர் மேஜையில ஒரு தட்டு மருந்தை வெச்சு, ஜன்னலைச் சாத்தினா அல்லி.

"இதை அளக்கக் காத்தாடாத ரூம் வேணும் சார். விடியிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருங்க."

மேனேஜர் மூக்கைப் பொத்திக்கிட்டு வெளியே ஓடினாரு!

அல்லி இன்ஸ்பெக்டரைப் பாத்தா. "எங்க மிஷின் காட்ட நாளாகும். சார் இப்பவே காட்டிட்டாரு."

மறுநாளே முகமூடி வந்துச்சு. பழைய ஆள்கணக்குல வாங்கினதால ஒண்ணு மிஞ்சிச்சு. இருளப்பன் சட்டை மாட்டுற ஆணியில அதை மாட்டிட்டு அல்லி வேலைக்குப் போனா.