எழாத வேகமுள்

வேகமுள் எழவில்லை.

மற்றதெல்லாம் சரி. எஞ்சின் உறுமியது. சக்கரம் ஓடியது. முள் மட்டும் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. வேகம் தெரியாமல் மண்ணை விட்டுக் கிளம்புகிறவன் மடையன். நாச்சிமுத்து மடையன் இல்லை. நிறுத்தி இறங்கிவிட்டான்.

மோட்டார் பட்டறைக்காரன் அவன். ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்த்துச் சேர்த்து, தோட்டத்துக் கொட்டகையில் தன் கையாலேயே கட்டிய ஒற்றை ஆள் விமானம் அது.

பறக்கக் கற்றுக்கொடுத்த ரொசாரியோவிடம் போய் நின்றான். குரு இவனைவிட வயதில் இளையவர். அதனாலென்ன, குரு குருதான்.

"பறக்காதுங்க வாத்தியாரே. காயலான் கடைக்குத்தான் போடோணும்."

ரொசாரியோ பொரி கொறித்துக்கொண்டிருந்தார். ஆயுத பூஜைக்கு இவன் வீட்டிலிருந்து வந்த பொரி.

"நீங்க செஞ்சதையெல்லாம் பாத்தாச்சா?"

"முள்ளையே மாத்திட்டனுங். உள்ளே போற குழாயைக் கழட்டி மாட்டிட்டனுங்."

"நீங்க செய்யாததை?"

"நான் செய்யாதது அதுல என்ன இருக்குதுங்க? ஒரு ஆணியில வேத்தாள் கை பட்டதில்லை."

ரொசாரியோ இன்னொரு பிடி பொரியை வாயில் போட்டுக்கொண்டார். போகலாம் என்று கையைக் காட்டினார்.

அடுத்த ஞாயிறு மறுபடி வந்தான்.

"எஞ்சின்தான் வாங்கினது. அதையும் பிரிச்சு மாட்டியாச்சு. ஒரு மண்ணும் ஆகலைங்க."

ரொசாரியோ எழுந்து வந்தார். இரண்டு விரலால் அவன் மூக்கைப் பிடித்தார். விடவில்லை. அவன் வாயைத் திறந்தான். மற்றக் கையால் அதையும் பொத்தினார்.

முழி பிதுங்கியதும் விட்டார்.

"கொல்லப் பாக்கறீங்களா?"

"விமானத்துக்குப் பூஜை போட்டது யாரு?"

"வூட்லதானுங். அன்னைக்கு மட்டும் தொட வுட்டேன்."

"அவங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க."

"அவளுக்கு விமானத்தைப் பத்தி என்னங்க தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. போங்க."

மனைவி ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி கொட்டகைக்கு வந்தாள். விமானத்தைச் சுற்றி நடந்தாள். விசிறி, சக்கரம், கதவு. பூஜையன்று தான் வைத்த பொட்டுகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டே போனாள்.

இறக்கைக்கு அடியில் விரல் தடிமனில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. எதிர்க்காற்று அதன் வாய்க்குள் புகுந்தால்தான் உள்ளே முள் எழும். அந்த வாய் நிறையச் சந்தனம். மேலே குங்குமம். ஒவ்வொரு முறையும் அந்தப் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் நாச்சிமுத்து ஏறியிருக்கிறான்.

"மூக்காட்டம் நீட்டிட்டு இருந்துதுங்க. நல்லா அப்பி வுட்டேன்" என்றாள்.

நாச்சிமுத்து குனிந்து குழாயைப் பார்த்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"என்னை மொறைக்காதீங்க. போய் உள்ளே உக்காருங்க."

வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றி நோண்டினாள். சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகு என்ன நினைத்தாளோ, குழாய் வாயில் மெல்ல ஊதினாள்.

விமானம் இருந்த இடத்தில் இருந்தது. முள் எழுந்தது.

"அம்மணீ, இன்னொருக்கா!" என்று உள்ளிருந்து கத்தினான். அவள் சிரிப்பில் காற்றுப் போய்விட்டது. முள் விழுந்தது. இவனும் சிரித்தான்.

சாயங்காலம் தென்னை உச்சிகளுக்கு மேலே ஒரு வட்டம் அடித்து இறங்கினான். ரொசாரியோ ஓடுபாதை ஓரம் நின்றிருந்தார்.

"சரி பண்ணினது யாரு?"

'வூட்ல' என்று வாய் வரைக்கும் வந்தது. நாச்சிமுத்து அதை விழுங்கினான்.

"துளசிமணிங்க."