சாய்ந்து தொங்கிய சதுரம்

வகுப்புச் சுவரில், மூலையில் துளையிட்ட அட்டைச் சதுரம் ஒன்று ஆணியில் சாய்ந்து தொங்கியது. ஆய்வுக்கு வந்த அதிகாரி மாசிலாமணி, தற்காலிக ஆசிரியை அஞ்சுகத்தின் மேல் பாய்ந்தார்.

"இதுக்குப் பேர் சதுரமா? இன்னையோட உனக்கு வேலை கிடையாது!"

"நாலு பக்கமும் சமம், நாலு மூலையும் செங்கோணம். அளந்து பாருங்க ஐயா."

"சாய்ஞ்சா அது சதுரமே இல்லை!"

அளவுகோல் ஏழைகளுக்குத்தானே, அதிகாரத்துக்கு எதற்கு? நீக்க உத்தரவை மேசையில் விரித்து, கையெழுத்திடக் குனிந்தார்.

"ஐயோ, சாயாதீங்க ஐயா! சாய்ஞ்சா நீங்க அதிகாரியே இல்லையே, கையெழுத்து எப்படிச் செல்லும்?" என்றாள் அஞ்சுகம்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். மாசிலாமணி விறைப்பாக நிமிர்ந்தார். காகிதத்தைச் சுவரில் அழுத்தி எழுதிப் பார்த்தார். பேனாவில் மை இறங்கவில்லை. கடைசியில் கையெழுத்தில்லாத உத்தரவோடு, குனியாமலேயே வெளியேறினார். வாசல் நிலைதான் அதிகாரியென்று பார்க்காமல் அவர் நெற்றியில் இடித்தது.