வண்ணப் பொடியில் ஒரு மகாராஜா

தங்கள் மூக்கைத் தாங்களே மெச்சிக்கொள்வதை ராஜாக்கள் ஓர் அரசாங்க வேலையாகவே வைத்திருந்த முன்னொரு காலத்தில், செம்பியராயன் என்ற அரசருக்குத் தன் முகத்தைப் படத்தில் பார்க்க ஆசை வந்தது. பிரான்சிலிருந்து கப்பலேறி வந்திருந்த லம்பேர் என்ற ஓவியர், எண்ணெயும் தூரிகையும் இல்லாமல், வண்ணச் சுண்ணக்கட்டிகளைக் காகிதத்தில் தேய்த்தே அரசரை மார்பளவுக்கு வரைந்து கொடுத்தார். கன்னத்தில் ரத்தம் ஓடுவதுபோல் இருந்தது.

"இது வெறும் பொடி. விரல் பட்டால் போய்விடும்," என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

தளவாய் நல்லகுற்றாலத்துக்கு அது போதும். அரண்மனை விகடகவி வாஞ்சியப்பனைக் கண்டாலே அவருக்கு வயிறெரியும். "மகாராஜா, படத்துக்குக் காவலாக நம் விகடகவியையே வைக்கலாமே," என்றார்.

அரசரும் தலையாட்டினார். "வாஞ்சியப்பா, இந்தப் பொடியில் ஒரு துளி இந்த மண்டபத்தை விட்டு வெளியே போனாலும் உன் தலை போய்விடும்."

மறுநாள் காலை, அரசர் வருமுன்பே தளவாய் சபையோரைத் திரட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"மகாராஜாவின் திருவுருவத்தை வணங்க வந்திருக்கிறோம். தடுத்தால் ராஜத்துரோகம், தெரியுமல்லவா?"

தடுத்தாலும் தலை போகும், விட்டாலும் போகும். சற்று யோசித்த வாஞ்சியப்பன், ஒதுங்கி வழிவிட்டான்.

மார்பளவுப் படத்தில் தொட்டு வணங்கக் கால் இல்லை. அதற்கெல்லாம் அந்தக் கூட்டம் தயங்குமா? முகத்தையே தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. ஒருவர் ஒருமுறை தொட்டால் அடுத்தவர் மூன்று முறை தொட்டார். பக்தியில் யாருக்கும் குறையாத தளவாயோ இரண்டு கைகளாலும் வழித்துத் தன் முகமெல்லாம் பூசிக்கொண்டார். கூட்டம் கிளம்புவதற்குள் வாஞ்சியப்பன் கதவைத் தாழிட்டான். அரசர் வந்தபோதுதான் திறந்தான்.

"என் முகம் எங்கே?" என்று அரசர் கத்தினார்.

"மண்டபத்தில்தான் இருக்கிறது, பிரபு. ஒரு துளிகூட வெளியே போகவில்லை. தங்கள் மூக்கு புரோகிதர் நெற்றியில். மீசை ஓலை எழுதும் ராயசக்காரர் இமையில். மிச்சமெல்லாம் தளவாயிடம்."

செக்கச்செவேலென்று நின்ற தளவாயைப் பார்த்து அரசர் வயிறு வலிக்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வாஞ்சியப்பனுக்குப் போட்டார். தளவாய் மெல்ல அங்கவஸ்திரத்தை எடுத்தார்.

"மகாராஜாவின் முகத்தையா துடைக்கப் போகிறீர்கள்?" என்று வாஞ்சியப்பன் பணிவாகக் கேட்டான்.

கை இறங்கியது.

புதுப் படம் வரைந்து முடிய ஒன்பது நாளாயிற்று. அதுவரை தளவாய் மண்டபத்தை விட்டு வெளியேறவும் இல்லை, முகம் கழுவவும் இல்லை.